டெக்னிக்கல் கவரிலேயே நிராகரிப்பு: யாரிடம் முறையிடுவது?

கெடிலக்கரை:
கடலூர் மாவட்டத்தில் ஒரு சாலைப் பணி, இரண்டு கவர் டெண்டர் (தகுதி ஆவணங்களுக்கு ஒரு டெக்னிக்கல் கவர், விலைக்கு ஒன்று). என் அனுபவச் சான்று "ஏற்கத்தக்கதல்ல" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டு, மற்ற இருவரின் விலை கவரை மட்டும் திறந்துவிட்டார்கள். கேட்ட படிவத்தில்தான் சான்று இருக்கிறது. கலெக்டரிடம் திங்கட்கிழமை மனு கொடுப்பதா, நேரே ஹைகோர்ட்டா?

மஞ்சக்குப்பம்:
முதலில் இரண்டும் வேண்டாம். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998, பிரிவு 11-ஐப் பாருங்கள். உத்தரவு கைக்கு வந்து 10 நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்ய வேண்டும். அரசு என்றால் அந்தத் துறையின் செயலாளர், தலைமைச் செயலகம். குறைதீர் நாள் மனுவோ, கண்காணிப்புப் பொறியாளருக்கு எழுதும் கடிதமோ மேல்முறையீடு ஆகாது. அதற்குப் பதில் வரும் என்று காத்திருந்தே பலர் கெடுவைத் தவறவிடுகிறார்கள். நேரில் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

மனு இரண்டு பக்கம் போதும். டெண்டர் ஆவணத்தில் தகுதியைச் சொல்லும் பத்தி எண்ணை எழுதி, அதற்கு எதிரே நீங்கள் பதிவேற்றிய சான்றின் பக்க எண்ணைப் போடுங்கள். டெண்டர் இணையதளத்தில் உள்ள மதிப்பீட்டுச் சுருக்கத்தை இன்றே இறக்கி வையுங்கள். அதே குறை எல்-1 (மிகக் குறைந்த விலை கேட்ட) ஆளிடமும் இருந்து அவரை மட்டும் ஏற்றிருந்தால், அதைவிட வலுவான வாதம் கிடையாது. "வேண்டியவருக்குக் கொடுத்துவிட்டார்கள்" என்று ஆதாரமில்லாமல் எழுதினால் மனுவின் கனமே போய்விடும். பணி ஆணையை நிறுத்திவைக்கும்படியும் கேளுங்கள்.

திருப்பாப்புலியூர்:
ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்ட) பதில் வரட்டும் என்று இருந்துவிடாதீர்கள். அதற்கு 30 நாள், உங்களுக்கு இருப்பதோ 10. இரண்டையும் ஒரே நாளில் போடுங்கள். இன்னொன்று: நிபந்தனையே தவறு என்ற வாதத்தை டெண்டர் போடும் முன்பே எழுப்ப வேண்டும். கலந்துகொண்ட பிறகு பெரும்பாலும் எடுபடாது.

வில்லியனூர்:
புதுச்சேரிக்காரர்கள் கவனிக்க: அந்தச் சட்டம் இங்கே செல்லாது. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி 173-ஐக் காட்டி நிராகரிப்புக் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கேட்டால் சொல்லியாக வேண்டும்.

ரிட் (அரசின் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் மனு) என்றால் இரண்டு ஊருக்கும் சென்னை உயர் நீதிமன்றம்தான். உச்ச நீதிமன்றத்தின் டாடா செல்லுலார் தீர்ப்பு (1994) முதல் நீதிமன்றம் பார்ப்பது முடிவெடுத்த முறையை. யாருக்குத் தகுதி அதிகம் என்று எடைபோடாது. சாலை, பாலம் போன்ற பணிகளுக்குத் தடை தர உச்ச நீதிமன்றமே 2022-இல் என்.ஜி. புராஜெக்ட்ஸ் வழக்கில் தயக்கம் காட்டியது. ஆகவே வேலை தொடங்குமுன் போங்கள். டெண்டர் கிடைத்தவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும்.

கெடிலக்கரை:
கடிதமே வரவில்லை, தளத்தில்தான் பார்த்தேன். 10 நாளை எப்படிக் கணக்கிடுவது?

மஞ்சக்குப்பம்:
தளத்தில் ஏறிய தேதியிலிருந்தே எண்ணுங்கள். கடிதம் வரவில்லை என்பதையும் மனுவில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.