உதவி: கண்ட்ரோலரின் இடது டிரிக்கரான எல்2-வை அழுத்திப் பிடிக்க முடியவில்லை, பட்டனை மாற்றவும் வழியில்லை

கேட்டவர்:
என் இடது கையில் கட்டைவிரல் மட்டும்தான் நன்றாக வேலை செய்கிறது. அதனால் இடது ஸ்டிக்கை நகர்த்திவிடுவேன். ஆட்காட்டி விரலால் எல்2-வைப் பிடித்தால் சில நொடிகளில் நடுங்கி விட்டுவிடும். நான் ஆடும் விளையாட்டில் குறி பார்க்க அதைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பட்டன்களை மாற்றும் வசதி உள்ளே இல்லை. விண்டோஸ் 11, டூயல்சென்ஸ் (பிளேஸ்டேஷன் 5 கண்ட்ரோலர்), விளையாட்டு ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கியது. பாதிக் கதையில் நிற்கிறேன், விட மனமே வரவில்லை.

பதில் 1:
விட வேண்டாம், இதை வெளியிலிருந்தே சரிசெய்யலாம். லைப்ரரியில் விளையாட்டின் மேல் வலது கிளிக், பிராப்பர்டீஸ், அதில் கண்ட்ரோலர். பட்டன்களை மாற்றித்தரும் ஸ்டீம் இன்புட்டை இயக்கிவிட்டு, எந்தப் பட்டனுக்கு எந்த வேலை என்ற லேஅவுட்டைத் திருத்துங்கள். டச்பேட் கிளிக்குக்கு இடது டிரிக்கரைக் கொடுத்து, அதன் பல்சக்கரக் குறிக்குள் போய் ‘டாகிள்’ போடுங்கள். ஒருமுறை தட்டினால் குறி பார்க்கும், மறுமுறை தட்டினால் விடும்.

எல்2-விலேயே டாகிள் போட வேண்டாம். எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்ற அளவு (அனலாக் அழுத்தம்) தனியாக விளையாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும், அதையும் தேடி நிறுத்த வேண்டிவரும்.

கேட்டவர்:
குறி நிற்கிறது! நடுக்கமே இல்லை. ஆனால் இப்போது எதை அழுத்தினாலும் இரண்டு முறை பதிவாகிறது. மெனுவில் ஒரு வரி நகர்த்தினால் இரண்டு வரி தாண்டுகிறது.

பதில் 2:
பிளேஸ்டேஷன் கண்ட்ரோலரை விண்டோஸில் பயன்படுத்த உதவும் டிஎஸ்4விண்டோஸ் மாதிரி ஏதாவது மென்பொருள் பின்னால் ஓடுகிறதா? அதுவும் ஒரு போலி எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரை உருவாக்கும், ஸ்டீமும் உருவாக்கும். விளையாட்டுக்கு இரண்டு கண்ட்ரோலர் தெரிகிறது. ஏதாவது ஒன்றை மூடுங்கள்.

கேட்டவர்:
ஆமாம், எப்போதோ போட்டது, மறந்தே போனேன். மூடியதும் சரியாகிவிட்டது. ஓடுவதற்கு மட்டும் ஸ்டிக்கை உள்ளே அமுக்க வேண்டியிருக்கிறது, கட்டைவிரல் வலிக்கிறது.

பதில் 1:
வலது கையில் அதிகம் தேவைப்படாத ஒரு பட்டனில் ‘லாங் பிரஸ்’ சேர்த்து, அதற்கு எல்3 (இடது ஸ்டிக்கை உள்ளே அமுக்குவது) கொடுங்கள். தட்டினால் பழைய வேலை, சற்றுநேரம் அழுத்தினால் ஓட்டம். அந்த நேரத்தை உங்கள் விரலுக்கு ஏற்ப மாற்றலாம்.

பதில் 3:
பின்னாளில் கை இன்னும் சோர்ந்தால் உடல் இயக்கச் சிரமம் உள்ளவர்களுக்கான எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோலரைப் பாருங்கள். 2018-இல் வந்தது. பின்புறம் 3.5 மி.மீ. துளைகள் 19 உண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சுவிட்சையோ கால் பெடலையோ செருகலாம். குறி பார்ப்பதைக் காலுக்கே கொடுத்துவிடலாம்.

இன்னொன்று. விளையாட்டை உருவாக்கியவர்களுக்கு இதை அவசியம் எழுதுங்கள். பிடித்துக்கொள்வதா, தட்டினால் போதுமா என்று ஒரு தேர்வு கேட்கிறோம், அவ்வளவுதான். அதை ஸ்டீமில் தேடித்தேடிக் கண்டுபிடிக்கும் வேலை ஆடுபவர் தலையில் விழக்கூடாது.

கேட்டவர்:
ஓட்டம் சரியாக வருகிறது. கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் செய்த லேஅவுட்டை ஸ்டீமில் எல்லோருக்கும் பகிர்ந்துவிட்டேன், பெயர் ‘இடக்கை ஓய்வு’.