புதுப்பிப்பு: ஏலக்கூடத்தில் நொண்டி நாடகம்

சீதக்காதி நொண்டி நாடகத்தை, அதாவது கால் வெட்டுண்ட திருடன் ஒருவன் தன் கதையைத் தானே பாடிச் சொல்லும் பழைய நாடகத்தை, கீழக்கரைக் கடலோரம், ஒரு மீன் ஏலக்கூடத்துக்குள், கூட்டத்தின் நடுவிலேயே நடத்தப்போவதாக முன்பு எழுதியிருந்தோம். ஒத்திகைக்குப் பின் மாற்றியவை:

முதலில் கால். ஒற்றை நடிகர் கெண்டைக்காலைத் தொடையோடு கட்டிக்கொண்டுதான் நொண்டிச் சிந்து எனும் துள்ளல் நடைப் பாட்டு முழுவதையும் பாடுகிறார். கயிறு கூடாது. நாலு விரல் அகலப் பருத்தித் துணி, ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு. 10 நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டம் இடம் மாறும்போது அவிழ்த்துவிட வேண்டும். மரத்த காலை ஊன்றினால் விழுவார்.

ஊன்றுகோலுக்கு ரப்பர் குமிழ் மட்டும் போதாது, மீன் கொழுப்பில் அதுவும் வழுக்கும். முந்தின நாளே தரையைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கடல்தண்ணீர் என்றால் உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், தரை காயாது.

மிருதங்கத்திலிருந்து நடிகர் 17 மீட்டர் விலகினால் ஒலி 50 மில்லிநொடி பிந்தும். நொண்டிச் சிந்தின் துள்ளல் அங்கேதான் கெடுகிறது. ஜால்ராக்காரர் மிருதங்கத்தின் பக்கத்திலேயே இருக்கட்டும், நடிகர் 6 மீட்டருக்குள் சுற்றட்டும். கடற்காற்றில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். வாத்தியத்தை 1 மணி நேரம் கூடத்தில் வைத்துவிட்டுச் சுருதி சேருங்கள்.

மைக்கைக் குறையுங்கள். தகரக்கூரை எதிரொலியில் சொல் குழம்பினால் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள்.