பஸ் ஸ்டாப் கணக்கெடுப்புக்கு ஆள் வேணும்

வேளச்சேரி பக்கம் இருட்டான பஸ் ஸ்டாப்புகளைக் கணக்கெடுக்க இன்னும் ஆறு பேர் வேணும். வர்ற சனிக்கிழமை, மாலை 7 முதல் 9 வரை, மூணு மூணு பேராக. ஒருத்தர் எழுத, ஒருத்தர் படமெடுக்க, மூணாவது ஆள் சுற்றும் பார்த்துக்க.

எரியாத விளக்குன்னா கம்பத்தில் பெயின்ட்டில் எழுதியிருக்கும் எண்ணைக் குறிச்சுக்கணும். மாநகராட்சி புகார் எண் 1913-க்கு கம்பத்து எண் இல்லாமல் சொன்னால், எந்தக் கம்பம்னு தேடுறதிலேயே புகார் கிடக்கும். பெண்களைச் சீண்டுற நேரம், சீண்டுறவங்க நிற்கிற இடம் (டீக்கடைத் திருப்பமா, பாலத்தடியா) தனியா எழுதுங்க. பெண்கள் முகம் படத்தில் விழவே கூடாது.

வக்கீல் யாராவது இருக்கீங்களா? போலீஸ் மனுவில் வெறுமனே 'ஈவ் டீசிங்'னு எழுதினா மழுப்பிடலாம்; பின்தொடர்றதுக்கு பாரதிய நியாய சன்ஹிதா (ஐபிசிக்குப் பதிலா வந்த குற்றவியல் சட்டம்) பிரிவு 78, ஆபாசப் பேச்சுக்கு பிரிவு 79னு பிரிச்சு எழுதித் தரணும். வர்றவங்க பேரை வியாழனுக்குள் போடுங்க. டார்ச் அவசியம்.