ஆறு வருட ஆஸ்பராகஸ்: குருத்து மெலிந்துகொண்டே வருகிறது

குன்னூர் மாடித்தோட்டம்:
வணக்கம். வீட்டுக்குப் பின்னால் மண் பாத்தியில் ஆஸ்பராகஸ் (இளங்குருத்தைச் சமைத்துச் சாப்பிடும் காய்கறி), பத்துத் தூர், ஆறு வயது. விரல் பருமனில் வந்த குருத்து இப்போது ஈர்க்குச்சி மாதிரி வருகிறது. தழை எந்நேரமும் பச்சைதான். காற்றில் சாய்ந்தால் அடியோடு அறுத்துவிடுகிறோம். ஆடி மழையில் இரண்டு தூர் அழுகிவிட்டது. வயதாகிவிட்டதா, உரம் போதவில்லையா?

கோத்தகிரி கத்திரி:
வயது காரணமே இல்லை சார், பார்த்துக்கொண்டால் பதினைந்து வருடமும் தாண்டும். பச்சைத் தழையை அறுப்பதுதான் கோளாறு. அடுத்த குருத்துக்கு வேண்டிய சத்தைத் தழைதான் சமைத்து வேரில் சேர்க்கிறது. சாய்ந்தால் அறுக்காதீர்கள். பாத்தியின் நான்கு மூலையிலும் கம்பு ஊன்றி, முழங்கால் உயரத்தில் ஒன்று, இடுப்பு உயரத்தில் ஒன்று என்று சணல் கயிறு சுற்றிவிடுங்கள்.

ஊட்டியில் உறைபனி தழையைக் கருக்கிவிடும், செடி ஓய்வெடுக்கும், அப்போது ஐந்து செ.மீ. கட்டை விட்டு வெட்டலாம். குன்னூரில் அந்த ஓய்வு கிடைக்காது. தாய்லாந்து, தைவான் பக்கம் செய்கிற தாய்த்தண்டு முறை உங்களுக்குச் சரிவரும். தூருக்கு மூன்று முதல் ஐந்து தடித்த தண்டை வளரவிட்டு, சுற்றி வருவதை மட்டும் 18–20 செ.மீ. உயரம் வந்ததும், நுனிச் செதில் விரியும் முன் மண்மட்டத்தில் அறுங்கள். மூன்று நான்கு மாதத்தில் தாய்த்தண்டு பழுத்ததும் புதிய குருத்துகளை விட்டுப் பழையதை எடுங்கள். பென்சிலைவிட மெலிந்தால் அறுவடையை நிறுத்திவிட வேண்டும். உங்கள் பாத்திக்கு இந்த வருடம் அறுவடையே வேண்டாம்.

ஊட்டி மண்வெட்டி:
மேலே சொன்னது சரி. மண்ணையும் பாருங்கள். நீலகிரி மண் புளிப்பு, பெரும்பாலும் பி.எச். (புளிப்பு-கார அளவு) 5 பக்கம், ஆஸ்பராகஸ் கேட்பது 6.5–7.5. பரிசோதித்துவிட்டு, புளிப்பைக் குறைக்க டோலமைட் (சுண்ணாம்புக் கல் தூள்) போடுங்கள். சதுர மீட்டருக்கு 200–250 கிராமில் தொடங்கி, அடுத்த வருடம் மறுபடி பார்க்கலாம். தொழு உரத்தோடு சேர்த்துப் போட்டால் தழைச்சத்து (நைட்ரஜன்) ஆவியாகிவிடும், மூன்று வாரம் இடைவெளி விடுங்கள்.

அழுகலுக்குக் காரணம் தேங்கும் தண்ணீர். தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே பாத்தியைச் சுற்றி ஒரு அடி ஆழ வாய்க்கால் வெட்டுங்கள். அழுகிய தூரை மண்ணோடு தோண்டி அப்புறப்படுத்துங்கள், அந்தக் குழியில் மறுபடி ஆஸ்பராகஸ் நடவே கூடாது. தூரை அழுக வைக்கும் பியூசேரியம் பூஞ்சை மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். பாத்தியில் கிக்கூயு புல் (படர்ந்து வளரும் களை) இருந்தால் மண்வெட்டியால் கொத்தாதீர்கள், தூரின் மொட்டு வெட்டுப்படும். மழை விட்ட ஈரத்தில் கையால் வேரோடு இழுங்கள்.

குன்னூர் மாடித்தோட்டம்:
நன்றி. நான்கு செடியில் சிவப்புக் காய் இருக்கிறது, விடலாமா?

கோத்தகிரி கத்திரி:
அவை பெண் செடிகள். காய்க்கே சத்து போவதால் ஆண் செடியைவிடக் குருத்து குறையும். இருக்கிற காயை இப்போதே உருவிவிடுங்கள், இனிமேல் சிவக்கும் முன்பே எடுத்துவிடுங்கள். உதிர்ந்தால் பாத்தி முழுக்க நாற்று முளைத்துத் தாய்த்தூரோடு போட்டிபோடும். குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தக் காய் வயிற்றுக்கு ஆகாது.