காசி, கார்பி ஆய்வுக்குப் பிறகும் ஆண்–பெண் மன வேறுபாட்டுக்குப் பரிணாமத்தைக் காரணம் காட்டலாமா?

வெண்கொக்கு:
மேகாலயத்தின் காசி இனத்தில் குடும்பச் சொத்து கடைசி மகளுக்குப் போகும். பக்கத்திலேயே வாழும் கார்பி மக்களிடம் மகன்களுக்கு. 2011இல் வெளியான ஆய்வில் சுமார் 1,300 பேரிடம் நான்கு துண்டுப் புதிரைக் கொடுத்துச் சேர்க்கச் சொன்னார்கள். கார்பி ஆண்கள் பெண்களைவிட 36 சதவீதம் குறைவான நேரத்தில் முடித்தார்கள். காசியில் அந்த இடைவெளியே இல்லை. 'ஆண் வேட்டைக்குப் போனான், அதனால் திசையும் வடிவமும் அவனுக்கு நன்றாகப் பிடிபடும்' என்ற விளக்கம் இதோடு சரியா?

கல்மரம்:
ஆட்டம் கண்டிருக்கிறது, விழவில்லை. நான்கு துண்டைச் சேர்ப்பது ஒன்று. முப்பரிமாண உருவத்தை மனத்துக்குள் சுழற்றிப் பார்ப்பது வேறொன்று. ஆண்கள் பெரிய அளவில் முந்துவது இரண்டாவதில்தான். அதை அங்கே அளக்கவில்லை. மேலும் காசி மொழி ஆஸ்திரோ-ஆசியக் குடும்பம், கார்பி திபெத்திய-பர்மியக் குடும்பம். சொத்துரிமையை மட்டும் மாற்றிவைத்த ஒரே மக்கள் என்று இவர்களைக் கொள்ள முடியாது. ஆனால் கார்பி இடைவெளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பள்ளிப்படிப்பால் வந்தது என்ற கணக்கை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. எனக்கு அதுதான் ஆய்வின் உருப்படியான பகுதி.

தராசுமுள்:
பண்புக்குப் பண்பு தனியாகக் கேளுங்கள். வாழ்க்கைத் துணையைத் தேர்ந்தெடுப்பதை எடுத்துக்கொள்வோம். 1989இல் உளவியலாளர் டேவிட் பஸ் 37 பண்பாடுகளில் எடுத்த தரவில், வருமான வாய்ப்புக்குப் பெண்கள் கூடுதல் மதிப்பு தந்தார்கள். 1999இல் ஈக்லி, வுட் என்ற உளவியலாளர்கள் அதே தரவை மறுபடி அலசி, பாலினச் சமத்துவம் கூடிய நாடுகளில் இந்த இடைவெளி சுருங்குகிறது என்றார்கள். 2020இல் 45 நாடுகளில் திரும்பப் பார்த்தபோது வேறுபாடு நின்றது. சமத்துவத்தோடு உறுதியாகச் சேர்ந்து சுருங்கியது துணைகளின் வயது இடைவெளி மட்டும். பரிணாமம் என்போர், சமூகம் என்போர் இரு கட்சிக்கும் முழு வெற்றி இல்லை.

இன்னொன்று, 'வேறுபாடு உண்டு' என்று படித்தால் எவ்வளவு என்று பாருங்கள். இரு குழுக்களின் சராசரி எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டும் அளவான கோஹனின் டி 0.5 என்றால், யாரென்று பார்க்காமல் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் எடுக்கும்போது சராசரி கூடிய பாலினத்தவர் முந்த வாய்ப்பு 64 சதவீதம்தான். 0.2 என்றால் 56. வேலைக்கு ஆள் எடுக்க இதை வைத்துத் தீர்மானித்தால் தவறுகள் நிறைய வரும்.

வெண்கொக்கு:
சரி, எல்லாப் பண்பாட்டிலும் இருந்தால் பரிணாமம் என்று ஒப்புக்கொள்ளலாமா?

கல்மரம்:
கூடாது. கர்ப்பமும் ஆண்–பெண் உடல்வலிமை வேறுபாடும் எங்கும் உண்டு என்பதால், அவற்றையொட்டி எழும் வேலைப்பிரிவினையும் எங்கும் ஒரே மாதிரி அமையலாம். வலுவான சான்று வேண்டுமானால் பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி என்ற மரபணுக் கோளாறு உள்ள சிறுமிகளைப் பாருங்கள். கருவிலேயே ஆண்ட்ரோஜன் என்ற ஆண்மை ஹார்மோன் மிகுந்த இவர்கள் வண்டி பொம்மைகளை அதிகம் எடுக்கிறார்கள், பெற்றோர் பெண் பொம்மையை ஊக்குவித்தாலும்.

தராசுமுள்:
அதிலும் ஒரு படி மிச்சம். ஹார்மோன் *எப்படி* என்பதற்கு விடை. அந்த விருப்பம் *எதற்காக* இயற்கைத் தேர்வில் நிலைத்தது என்பதை அது சொல்லாது. வேறொன்றின் பக்கவிளைவாகவும் இருக்கலாம்.