டீ ட்ரீ எண்ணெய்: உங்கள் அனுபவம் என்ன?

லிஸ்மோரில் வசிக்கும் உறுப்பினர்:

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடகிழக்கில் குடியேறிய பிறகு, நண்பர் ஒருவருடன் பங்கவால்பின் ஓடைப் பக்கத்திலுள்ள டீ ட்ரீ தோட்டம் ஒன்றைப் பார்க்கச் சென்றேன். மெலலூகா ஆல்டர்னிஃபோலியா என்னும் அறிவியல் பெயர் கொண்ட இம்மரம் (தேயிலைச் செடி அல்ல) இந்தச் சதுப்பு நிலங்களுக்கே உரியது. ஆனால் தோட்டத்தில் அதை ஓங்கி வளர விடுவதில்லை. தரையை ஒட்டி அறுத்து, இலையும் குச்சியுமாக நறுக்கித் தொட்டியில் நிரப்பி, அடியிலிருந்து நீராவியைச் செலுத்துகிறார்கள். ஆவி குளிர்ந்ததும் எண்ணெய் நீரின்மேல் மிதக்கிறது. நூறு கிலோ தழைக்கு ஓரிரு கிலோ எண்ணெய் கிடைத்தால் அதிகம். அடிக்கட்டை மறுபடியும் துளிர்த்துவிடும்.

இவ்வெண்ணெயின் மருத்துவ குணத்தைக் கண்டறிந்த பெருமையை ஆர்தர் பென்ஃபோல்டுக்கு மட்டும் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சிட்னி அருங்காட்சியகத்தில் வேதியியலாளராக இருந்த அவர், 1920களில் இவ்வெண்ணெயின் கிருமிகொல்லும் ஆற்றல் அக்காலத்தில் கிருமிநாசினியாகப் பயன்பட்ட கார்பாலிக் அமிலத்தைப் போல் பத்து மடங்குக்கும் மேல் என்று அளந்து காட்டினார். அது பெரிய பணிதான். எனினும், சளிக்கு இலையைக் கசக்கி முகர்ந்தும் புண்ணுக்கு அரைத்துக் கட்டியும் வந்த இப்பகுதியின் பழங்குடிகளான பண்ட்ஜலங் மக்கள் அதன் குணத்தை வெகு காலம் முன்பே அறிந்திருந்தனர்.

சிட்னியில் மருந்தாளுநராகப் பணியாற்றும் உறுப்பினர்:

மருந்துக்கடையில் இந்த எண்ணெயைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் முகப்பருவுக்காகவே வருகிறார்கள். 1990இல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் நடத்திய ஆய்வில், 5 சதவீத டீ ட்ரீ ஜெல், பருவுக்கு வழக்கமாகத் தரும் பென்சாயில் பெராக்சைடு மருந்தை அதே அளவில் பூசியதைவிட மெதுவாகப் பலன் தந்தாலும், தோலுக்குக் குறைந்த தொல்லையே கொடுத்தது. ஐந்து சதவீதம் என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை; செறிவைக் குறைக்காத எண்ணெயை அப்படியே பூசிவிடுகிறார்கள்.

அண்மையில் கன்னம் முழுதும் சிவந்து தடித்த நிலையில் வந்த ஒரு பெண், குளியலறைச் சன்னலில் பல காலம் மூடி தளர்ந்து கிடந்த புட்டியைக் காட்டினார். காற்றும் வெளிச்சமும் பட்டால் இவ்வெண்ணெயின் சேர்மங்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்து, ஒவ்வாமையைத் தூண்டும் பொருள்களாக மாறுகின்றன. ஆகவே பழைய எண்ணெய் புதியதைவிட ஆபத்தானது. அடர்நிறக் கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி வைக்க வேண்டும் என்று சொல்லி, அவரை மருத்துவரிடம் அனுப்பினேன். வாய் கொப்பளிக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. விழுங்கினால் இது நஞ்சு; சிறு குழந்தைகள் கொஞ்சம் குடித்தாலே தள்ளாட்டமும் மயக்கமும் வரக்கூடும். பூனை வளர்ப்பவர்கள் அதன் உடம்பில் இதைத் தடவவே கூடாது.