சோபாவில் மீன் ஆணம் (குழம்பு) கொட்டியதில் மஞ்சள் கறை சிவந்துவிட்டது, கிளீனிங் ஆட்கள் வரும்வரை என்ன செய்வது?

கீழக்கரை_வீடு

எல்லோருக்கும் ஸலாம். ஹாலில் சந்தன நிறத் துணி சோபா, கீழே மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த கார்பெட். வருஷத்துக்கு ஒரு தடவை மதுரையிலிருந்து ஆட்கள் வந்து மெஷின் போட்டுச் சுத்தம் செய்துவிட்டுப் போவார்கள். இனி நோன்புக்கு முன்னால்தான் வருவார்கள். அதுவரை பிள்ளைகள் இருக்கிற வீட்டில் எப்படித் தள்ளுவது?

போன வெள்ளிக்கிழமை விருந்தில் சீட்டின் மேல் மீன் ஆணம் கொட்டிவிட்டது. உதவிக்கு வந்தவர் பாத்திரம் தேய்க்கிற பார் சோப்பை எடுத்து அழுத்தித் தேய்த்தார், மஞ்சளாக இருந்தது செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. காய்ந்த பிறகு சுற்றி வெள்ளையாக ஒரு வளையமும் வந்திருக்கிறது. கார்பெட்டில் தொதல் (அல்வா மாதிரி இனிப்பு) மிதிபட்டு அப்பிக் கிடக்கிறது, அது தனிக்கதை. வினிகரையும் ஆப்ப சோடாவையும் கலந்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு எல்லாக் கறையும் வந்துவிடும் என்று வீடியோ போடுகிறார்களே, செய்யலாமா?

ராம்நாடு_சோபா_சர்வீஸ்

லாத்தா, அந்த நுரை வீடியோவை முதலில் மூடுங்கள். வினிகர் புளிப்பு, சோடா காரம், இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று தீர்த்துவிட்டு உப்பும் தண்ணீரும்தான் மிஞ்சும். பார்க்க நன்றாகப் பொங்கும், அவ்வளவுதான். அதேபோல வினிகர் தொட்ட இடத்தில் பிளீச்சிங் எதையும் கொண்டு போகாதீர்கள், குளோரின் வாயு வரும்.

சிவந்தது புதுக் கறை இல்லை, அதே மஞ்சள்தான். ஆரத்தித் தண்ணீரில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்குமே, அதே சங்கதி. மஞ்சளின் நிறம் குர்குமின் என்கிற பொருள், காரம் பட்டால் சிவக்கும், புளிப்பு பட்டால் மறுபடி மஞ்சளாகும். பார் சோப்பில் காரம் அதிகம். ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, சோபாவின் பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாத மூலையில் வெள்ளைத் துணியால் தொட்டுப் பாருங்கள். துணியில் சாயம் ஏறவில்லை என்றால் கறை மேல் வைத்து ஒற்றுங்கள். தேய்க்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும், வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி. நடுவிலிருந்து தொடங்கினால் கறை பரவிக்கொண்டே போகும்.

சிவப்பு போய் மஞ்சள் நிற்கும். அதற்கப்புறம் ஆணத்தில் இருந்த எண்ணெயைப் பாருங்கள். இடம் காய்ந்ததும் கார்ன்ஃப்ளார் மாவைத் தூவி ஒரு மணி நேரம் விட்டுத் தட்டி எடுங்கள், பிறகு ஒரு டம்ளர் தண்ணீருக்கு அரை டீஸ்பூன் பாத்திரம் கழுவுகிற லிக்விட், அதற்கு மேல் வேண்டாம். சோப்பு உள்ளே தங்கினால் அந்த இடம்தான் அடுத்த மாதம் முதல் ஆளாக அழுக்கைப் பிடிக்கும், அதனால் வெறும் தண்ணீர் தொட்ட துணியால் நாலைந்து முறை ஒற்றிச் சோப்பை வெளியே எடுத்துவிடுங்கள். சுடுதண்ணீர் வேண்டாம். மீன், முட்டை, பால், ரத்தம் எல்லாம் சூடு பட்டால் இழையிலேயே வெந்து உறைந்துவிடும்.

கடைசியில் மிஞ்சுகிற மஞ்சளுக்கு வெயில்தான் மருந்து. குர்குமின் வெளிச்சத்தில் வெளுக்கும். குஷன் கழற்ற வந்தால் காலை வெயிலில் வையுங்கள், ஆனால் அடிக்கடி போய்ப் பாருங்கள், சந்தனக் கலரும் கூடவே வெளுத்துவிட்டால் என்னைத் திட்டக் கூடாது.

சீட்டுக்கு அடியில் கம்பெனி டேக் இருந்தால் அதையும் பாருங்கள். டபிள்யூ என்றால் தண்ணீர் படலாம், எஸ் என்றால் தண்ணீரே ஆகாது, எக்ஸ் என்றால் வேக்யூம் மட்டும்தான். எஸ், எக்ஸ் இரண்டில் எதுவாக இருந்தாலும் மேலே சொன்னதை விட்டுவிட்டு ஆட்களுக்குக் காத்திருங்கள்.

மண்டபம்_காத்து

அந்த வெள்ளை வளையம் நம் ஊர்த் தண்ணீரால் வந்தது. போர் தண்ணீரை நாக்கில் வைத்தாலே தெரியும், அது சோபாவில் காய்ந்தால் உப்பு ஓரத்துக்கு வந்து கோலம் போட்டுவிடும். கறை எடுக்கக் கேன் தண்ணீர் இல்லையென்றால் காவிரித் தண்ணீர், இரண்டு டம்ளர்தானே செலவாகப் போகிறது. வளையத்தையும் கேன் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுக்கலாம். ஓரத்தில் மட்டும் ஒற்றினால் புது ஓரம் ஒன்று வரும், அதனால் தையலுக்குத் தையல் அந்தச் சீட்டு முழுவதும் லேசாக ஈரம் படட்டும்.

கடலோர வீடுகளில் இன்னொன்றும் உண்டு. காற்றில் வருகிற உப்பு துணியில் படிந்தால் அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் ஜன்னல் ஓரத்து சோபாக் கையைத் தொட்டால் மழையில்லாத நாளிலும் பிசுபிசுப்பாக இருக்கும். அதோடு மணல். தண்ணீர் தொடுவதற்கு முன் வேக்யூம் போடாவிட்டால் மணல் சேறாகி இழைக்குள் இறங்கும், போடாமல் நடந்தாலும் கால் பட்டுப் பட்டு இழையை அறுக்கும். வாரத்துக்கு இரண்டு தடவை வேக்யூம் போட்டாலே பாதிக் கறை வேலை குறைந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் பெரிதாக எதையும் நனைக்காதீர்கள். ஃபோம் ஒரு நாள், ஒன்றரை நாளைக்குள் காயாவிட்டால் பூசண வாடை பிடித்துக்கொள்ளும், அப்புறம் எந்த ஆள் வந்தாலும் அது முழுசாகப் போகாது. நனைத்தால் ஃபேனைப் பக்கத்திலேயே வைத்து ஓட விடுங்கள்.

தொண்டிக்காரன்

நம் ஊர் வெக்கைக்குக் கார்பெட்டே எதற்கு? சுருட்டி மச்சில் போட்டுவிட்டு ஒரு பனையோலைப் பாயை விரியுங்கள். தொதல் விழுந்தால் ஈரத்துணி போதும்.

கீழக்கரை_வீடு

தொண்டிக்காரர் சொல்வது எங்கள் மாமிக்கு ரொம்பப் பிடிக்கும் :) மச்சான் வரும்போது கார்பெட் எங்கே என்று கேட்பாரே.

வினிகர் போட்டதும் சிவப்பு இறங்கிவிட்டது, ஜஸாக்கல்லாஹ். ஆனால் சுத்தம் செய்த இடத்தில் மறுநாள் காலையில் எண்ணெய்க் கறை மாதிரி லேசாகத் திரும்ப வந்திருக்கிறது. இது ஏன்? அப்புறம் தொதலுக்கு என்ன செய்ய? கார்பெட் கம்பளியா நைலானா என்றே எனக்குத் தெரியவில்லை.

ராம்நாடு_சோபா_சர்வீஸ்

திரும்ப வருவது எப்போதும் நடப்பதுதான். ஆணம் ஃபோம் வரைக்கும் இறங்கியிருக்கும், மேலே காயக் காய அடியில் இருக்கிறது ஏறி வரும். இன்னொரு முறை லேசாக ஒற்றிவிட்டு, வெள்ளைத் துண்டை நாலாக மடித்து மேலே போட்டு, ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றிய கனமான புத்தகத்தை ராத்திரி வைத்துவிடுங்கள். ஏறி வருவது துண்டுக்குள் போகும்.

கார்பெட்டின் அடி ஓரத்திலிருந்து ஒரு இழையைப் பிய்த்து, வாஷ்பேசின் மேல் இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். முடி கருகின வாடை அடித்துச் சாம்பல் பொடிந்தால் கம்பளி. உருகிக் கெட்டி மணியாக நின்றால் செயற்கை இழை. துபாயிலிருந்து வருகிற மெஷின் கார்பெட்டில் பெரும்பாலும் இரண்டாவதுதான். கம்பளியாக இருந்தால் பிளீச்சிங் பக்கமே போகக் கூடாது, அது கறையோடு இழையையும் சேர்த்துத் தின்றுவிடும். மருதாணியும் கம்பளியில் ஏறினால் கையில் சிவப்பது போலவே பிடித்துக்கொள்ளும், கல்யாண வீட்டில் அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொதலுக்கு ஐஸ். ஒரு கவரில் ஐஸ் கட்டியைப் போட்டு அதன் மேல் பத்து நிமிஷம் வையுங்கள், தேங்காய் எண்ணெய் இறுகி மொத்தமும் கெட்டியாகும். ஸ்பூனின் முனையால் இழை நீளும் திசையிலேயே சுரண்டி எடுங்கள், எதிர்த்திசையில் இழுத்தால் இழை நுனி பஞ்சாகிவிடும். மிச்சம் இருக்கிற இனிப்புப் பிசுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் கரையும், எண்ணெய்க்கு அதே லிக்விட் கலவை.

மதுரை ஆட்கள் வரும்போது எந்த இடத்தில் என்ன போட்டீர்கள் என்று சொல்லிவிடுங்கள், பார் சோப்பு போட்டதையும் சேர்த்து. தெரியாமல் அவர்கள் மேலே இன்னொரு காரமான ஷாம்பூவைப் போட்டால், துணிக்குள் மஞ்சள் மிச்சமிருக்கிற இடமெல்லாம் மறுபடி சிவக்கும்.